இறாலுக்கு ஏன் தடுப்பூசி இல்லை?

கேள்வி: "ஒன்றரை ஏக்கர் குட்டையில் வனாமி இறால் வளர்க்கிறோம். போன முறை 48-ஆவது நாளில் வெள்ளைப்புள்ளி நோய் வந்து, நாலே நாளில் எல்லாம் போய்விட்டது. இப்போது நகையை அடகு வைத்து மறுபடியும் குஞ்சு விடப்போகிறோம். 'இறாலின் எதிர்ப்புசக்தி மரபணுவைத் தூண்டிவிடும்' என்று சொல்லி ஒரு திரவத்தைத் தீவனத்தில் கலக்கச் சொல்கிறார் மருந்துக் கடைக்காரர். விலை அதிகம். கோழிக்கெல்லாம் தடுப்பூசி இருக்கும்போது இறாலுக்கு மட்டும் ஏன் இல்லை? இந்தத் திரவத்தை வாங்கலாமா?"
- ஒரு வாசகர், வேதாரண்யம் வட்டம்

பதில்: முதலில் சுருக்கமான பதில். கோழிக்குப் போடுவதுபோல் வெள்ளைப்புள்ளி நோய்க்குக் கடையில் வாங்கிப் போடும் நம்பகமான தடுப்பூசி இல்லை. இறாலிடம் எதிர்ப்புசக்தி மரபணுக்கள் பிறவியிலேயே இருக்கின்றன. எந்தப் பாட்டிலும் புதிதாக ஒன்றைச் சேர்த்துவிடாது. இருப்பதைக் கொஞ்ச நாளைக்கு விழிப்பாக வைக்கச் சில பொருட்கள் உதவலாம். ஆனால், அடகுப் பணத்தில் முதல் செலவு அதுவாக இருக்கக் கூடாது. ஏன் என்பதைத் தெரிந்துகொண்டால், அடுத்த முறை யார் எந்தப் பாட்டிலை நீட்டினாலும் வாசகரே முடிவெடுத்துக்கொள்ளலாம்.

கோழிக்கு ஞாபகம் உண்டு, இறாலுக்கு இல்லை

வெள்ளைக்கழிச்சல் நோய்க்குக் கோழிக்குத் தடுப்பு மருந்து கொடுக்கும்போது என்ன நடக்கிறது? வீரியம் குறைந்த கிருமியைக் கோழியின் உடல் ஒருமுறை பார்த்துவிடுகிறது. அதற்கென்றே தனியாக எதிர்ப்பொருளைத் தயாரிக்கிறது. அந்தக் கிருமியின் முகத்தை ஞாபகமும் வைத்துக்கொள்கிறது. பிறகு நிஜமான கிருமி வந்தால், அடையாளம் கண்டு உடனே அடிக்கிறது. ஆடு, மாடு, மனிதர் எல்லோருக்கும் இதே முறைதான். மீனுக்குக்கூட உண்டு.

இறால், நண்டு, பூச்சி போன்ற உயிர்களுக்கு எதிர்ப்பொருள் தயாரிக்கும் வசதியே கிடையாது. கோழியிடம் இருப்பது போன்ற, குறிப்பிட்ட கிருமிக்கென்றே உருவாகும் நீண்டகால ஞாபகமும் இல்லை. அதனால்தான் கோழித் தடுப்பூசி வேலை செய்யும் வழி இறாலிடம் செல்லுபடியாவதில்லை. வெள்ளைப்புள்ளி வைரஸின் மேலுறைப் புரதத்தைக் கொடுத்து இறாலைக் கொஞ்ச நாள் காப்பாற்ற முடியும் என்று ஆய்வுக்கூடத் தொட்டிகளில் காட்டியிருக்கிறார்கள். தொட்டியில் நடப்பதை ஏக்கர் கணக்கான குட்டையில், லட்சக்கணக்கான இறாலுக்கு, கட்டுப்படியாகும் செலவில் நடத்துவதுதான் இன்னும் கைகூடவில்லை.

அப்படியானால் இறால் நிராதரவாக நிற்கிறதா? இல்லை. கடல் நீரில் ஒவ்வொரு சொட்டிலும் கிருமிகள் நீந்துகின்றன. அவற்றுக்கு நடுவே இத்தனை கோடி ஆண்டுகளாக இறால் இனம் பிழைத்துக் கிடக்கிறது என்றால், அதற்கென்று ஒரு காவல் ஏற்பாடு இருக்கத்தானே வேண்டும்?

இறாலின் காவல் ஏற்பாடு

முதல் காவல், ஓடு. ஓடு கெட்டியாக இருக்கும்வரை பெரும்பாலான கிருமிகளுக்கு வெளியிலிருந்து உள்ளே வழி இல்லை. இறால் சட்டை உரிக்கும் நேரத்தில் ஓடு மெதுவாகிவிடுகிறது. நோய் பிடிக்க வசதியான நேரங்களில் இது ஒன்று. செவுளும் தீவனக் குழாயும் மற்ற வாசல்கள்.

இரண்டாவது காவல், ரத்தம். இறால் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பது இரும்பு அல்ல, தாமிரம். அதனால் அது சிவப்பாக இருக்காது. இளநீலச் சாயல் கொண்டது. அதில் மூன்று வகை ரத்த அணுக்கள் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. சில அணுக்கள் கிருமியை விழுங்கும். சில, கிருமியைச் சூழ்ந்து மூட்டை கட்டும். காயம் பட்ட இடத்தில் ரத்தத்தை உறைய வைத்து வாசலை அடைக்கும் வேலையும் இவற்றால் நடக்கிறது. வெள்ளைப்புள்ளி முற்றிய இறாலில் இந்த அணுக்கள் குறைந்து, ரத்தம் உறையாமல் நீர்த்து வடிவதைப் பரிசோதனைகளில் பார்த்திருக்கிறார்கள்.

மூன்றாவது காவல், கறுப்புப் பூச்சு. இதை எல்லா இறால் விவசாயியும் கண்ணால் பார்த்திருப்பார். பிடித்த இறாலை ஐஸ் போடாமல் வைத்தால் சில மணி நேரத்தில் தலை கறுக்கிறது. வியாபாரி விலையைக் குறைக்கிறார். அதே கறுப்புச் சாயம்தான் உயிரோடு இருக்கும்போது இறாலைக் காக்கும் ஆயுதம். கிருமி உள்ளே வந்தால், தூங்கிக்கொண்டிருக்கும் ஒரு நொதி விழித்துக்கொள்கிறது. அது கறுப்புப் பூச்சை உண்டாக்கிக் கிருமியை அந்த இடத்திலேயே சிறை வைக்கிறது. குட்டையில் சில இறால்களின் ஓட்டில் கரும்புள்ளி தெரிவது, அங்கே ஒரு சண்டை நடந்ததற்கான தழும்பு.

மரபணு எங்கே வருகிறது?

இந்தக் காவலர்கள் ஒவ்வொருவரையும் செய்து தருவது மரபணுக்கள். வனாமி இறாலின் முழு மரபணுத் தொகுதி 2019-இல் வெளியானது. அதில் 25,000-க்கும் மேற்பட்ட மரபணுக்கள் இருக்கின்றன. அவற்றில் காவல் வேலைக்கானவற்றை மூன்று கூட்டமாகப் பிரித்துப் பார்த்தால் எளிதாகப் புரியும்.

ஒன்று, ஆள் அடையாளம் காணும் கூட்டம். கிருமிகளின் மேல்தோலில் சில பொதுவான பொருட்கள் உண்டு. பூஞ்சணத்தில் பீட்டா குளுக்கான் இருக்கும். விப்ரியோ போன்ற பாக்டீரியாவின் உறையில் கொழுப்பும் சர்க்கரையும் கலந்த ஒரு பொருள் இருக்கும். இவற்றைத் தொட்டவுடன் 'இது நம் ஊர் ஆள் இல்லை' என்று கண்டுபிடிக்கும் புரதங்களை இந்த மரபணுக்கள் செய்கின்றன.

இரண்டு, சேதி சொல்லும் கூட்டம். ஊரில் தீப்பிடித்தால் ஒருவர் ஓடிப்போய்க் கோயில் மணியை அடிப்பதுபோல, செல்லின் வெளியே கிடைத்த சேதியை உள்ளே கொண்டுபோகும் வழிகள் இவை. 'டோல்' என்றும், 'ஐஎம்டி' என்றும், 'ஜாக்-ஸ்டாட்' என்றும் அந்த வழிகளுக்குப் பெயர்.

மூன்று, அடிக்கும் கூட்டம். 1997-இல் வனாமி இறாலின் ரத்தத்திலிருந்து பிரெஞ்சு ஆய்வாளர்கள் 'பீனெய்டின்' என்ற சிறு புரதத்தைப் பிரித்தெடுத்தார்கள். பாக்டீரியாவையும் பூஞ்சணத்தையும் கொல்லும் இயற்கை மருந்து அது. ரத்த அணுக்களுக்குள் சிறு மணிகளாகத் தயாராகக் காத்திருக்கும். 'கிரஸ்டின்' போன்ற வேறு சில வகைகளும் உண்டு.

வைரஸுக்கு எதிராக இன்னொரு தனி ஆயுதம் இருக்கிறது. வைரஸ் பெருகும்போது உருவாகும் இரட்டை இழை ஆர்என்ஏவை இறாலின் செல் கண்டுபிடித்து, துண்டு துண்டாக வெட்டுகிறது. வெட்டிய துண்டையே மாதிரியாக வைத்துக்கொண்டு, அதே எழுத்துள்ள மற்ற இழைகளையும் தேடி அழிக்கிறது. ஆய்வுக்கூடத்தில் இப்படிப்பட்ட இழையைச் செய்து ஊசி மூலம் செலுத்தினால், வெள்ளைப்புள்ளியிலிருந்து இறால் பிழைக்கிறது. ஆனால் ஒரு ஏக்கர் குட்டையில் ஒவ்வொரு இறாலுக்கும் யார் ஊசி போடுவது? தீவனம் வழியாகக் கொடுக்கும் முறைக்கான ஆராய்ச்சி நடந்துகொண்டிருக்கிறது.

இத்தனை இருந்தும் ஏன் சாகிறது?

ஆசியாவில் வெள்ளைப்புள்ளி நோய் 1992 வாக்கில் தைவான், சீனப் பகுதிகளில் தலைகாட்டியது. 1994-95-இல் இந்தியக் கிழக்குக் கடற்கரைக்கு வந்து, டைகர் இறால் வளர்த்தவர்களைப் புரட்டிப் போட்டது. இன்றைக்கும் போகவில்லை. அறிகுறி தெரிந்த 3 முதல் 10 நாட்களுக்குள் குட்டையே காலியாகலாம்.

இதன் வைரஸ், வைரஸ்களில் பெரிய உருவம் கொண்டவற்றுள் ஒன்று. சுமார் 3 லட்சம் எழுத்து நீளமுள்ள மரபுப் பொருள் கொண்டது. அது வெறும் முரட்டுத் திருடன் அல்ல, வீட்டுச் சாவியைப் படி எடுத்து வைத்திருக்கும் திருடன். மேலே சொன்ன ஜாக்-ஸ்டாட் வழியில் இறால் தன்னைக் காத்துக்கொள்ள மணி அடிக்கிறது அல்லவா? அந்த மணியோசையையே வைரஸ் தன் முதல் மரபணுவை இயக்கும் விசையாகப் பயன்படுத்திக்கொள்கிறது. காவலுக்கு அடிக்கும் மணி, திருடனுக்கும் சைகையாகிவிடுகிறது.

வாசகரின் கேள்விக்கு இதுதான் முக்கியமான இடம். 'மரபணுவைத் தூண்டினால் நோய் வராது' என்பது கேட்க நன்றாக இருக்கிறது. எந்த மரபணு, எந்தக் கிருமிக்கு எதிராக என்று பார்க்காமல் பொத்தாம்பொதுவாகத் தூண்டுவது, வைரஸுக்குத் தடையாகும் என்று சொல்லிவிட முடியாது.

'மரபணு பல மடங்கு உயர்ந்தது' என்றால் என்ன?

விளம்பரத் தாளில் இப்படி ஒரு வரி இருக்கும். கூடவே ஒரு படம் இருக்கும். அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. எதிர்ப்புசக்தி மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்று அளக்கும் கருவி ஆய்வுக்கூடங்களில் உண்டு. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இறாலுக்கு நோய் பிடித்தாலும் இதே மரபணுக்கள் உயரும். வீட்டில் சத்தம் அதிகமானால், கல்யாணமாகவும் இருக்கலாம், சண்டையாகவும் இருக்கலாம். அதனால் மரபணு உயர்ந்ததா என்பது முக்கியமல்ல. இறால் பிழைத்ததா என்பதே முக்கியம்.

விற்பவரிடம் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். ஒன்று, இந்தப் பொருளைக் கொடுத்த இறாலும் கொடுக்காத இறாலும் ஒரே வைரஸைச் சந்தித்தபோது, எத்தனை பிழைத்தன? இரண்டு, அது கண்ணாடித் தொட்டியில் நடந்ததா, குட்டையில் நடந்ததா? மூன்று, எத்தனை நாள் கொடுக்க வேண்டும், நிறுத்திய பிறகு பலன் எத்தனை நாள் நிற்கும்? மூன்றுக்கும் தாளில் எழுதிய பதில் இல்லையென்றால், பணத்தை மடியிலேயே முடிந்துகொள்வது நல்லது.

ஈஸ்ட்டிலிருந்து எடுக்கும் பீட்டா குளுக்கான் போன்ற பொருட்களுக்கு ஓரளவு ஆதாரம் உண்டு. இறாலின் உடல் அதைப் பூஞ்சணம் என்று நினைத்து விழித்துக்கொள்கிறது. ஆனால் அந்த விழிப்பு கொஞ்ச நாளைக்குத்தான். விடாமல் கொடுத்துக்கொண்டே இருந்தால் உடல் சலித்துப்போகவும் வாய்ப்புண்டு. சண்டைக்குத் தயாராக நிற்பதற்கும் இறால் தீனியைச் செலவழிக்கிறது என்பதை மறக்கக் கூடாது. வளர்ச்சிக்குப் போக வேண்டிய சத்து அது.

'நோயில்லாக் குஞ்சு' வேறு, 'நோய் தாங்கும் குஞ்சு' வேறு

வனாமி இறாலை இந்தியாவில் வளர்க்க 2009-இல் அனுமதி கிடைத்தது. வெளிநாட்டிலிருந்து வரும் தாய் இறால்கள் சென்னை நீலாங்கரையில் உள்ள தனிமைப்படுத்தும் நிலையத்தைத் தாண்டித்தான் ஹேச்சரிக்குப் போக வேண்டும். அவை 'குறிப்பிட்ட நோய்க்கிருமிகள் இல்லாத' தாய்கள். அந்தச் சொல்லைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். கிருமி இல்லை என்றுதான் அதற்குப் பொருளே தவிர, கிருமி வந்தால் தாங்கும் என்று பொருள் அல்ல. குளித்துச் சுத்தமாக இருக்கும் குழந்தைக்கும் சேற்றில் இறங்கினால் அழுக்கு ஒட்டத்தான் செய்யும்.

நோயைத் தாங்கும் மரபணு உள்ள இறாலைத் தேர்ந்தெடுத்து வளர்க்க முடியாதா? முடியும். நடந்தும் இருக்கிறது. 1992-இல் ஈக்வடார் நாட்டில் டவுரா ஆற்றுப் பக்கத்துப் பண்ணைகளில் ஒரு வைரஸ் நோய் வந்தது. அதற்குப் பிழைத்த குடும்பங்களிலிருந்து தலைமுறை தலைமுறையாகத் தேர்வு செய்து, அந்த நோயைத் தாங்கும் வனாமி ரகங்களை உருவாக்கினார்கள். பாரம்பரிய நெல்லில் நல்ல கதிரைப் பொறுக்கி விதைக்கு வைப்பதைப் போன்ற வேலைதான் அது. வெள்ளைப்புள்ளிக்கு அந்த அளவு வெற்றி சுலபமாகக் கிடைக்கவில்லை. தாங்கும் குணம் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு இறங்குவது இதில் குறைவாக இருக்கிறது. அதனால், 'எங்கள் குஞ்சுக்கு வெள்ளைப்புள்ளியே வராது' என்று யாராவது சொன்னால் நம்பிவிடக் கூடாது.

இருக்கும் எதிர்ப்புசக்தியைக் கெடுக்காமல் இருப்பது எப்படி?

விவசாயி கையில் உண்மையாக இருப்பது இதுதான். விடியற்காலையில் ஆக்சிஜன் குறைந்தால், அடியில் அம்மோனியா சேர்ந்தால், ஒரே மழையில் உப்பும் வெப்பமும் சரிந்தால், இறாலின் ரத்த அணுக்கள் குறைகின்றன. கறுப்புப் பூச்சு நொதி மந்தமாகிறது. கிருமி அதற்காகவே காத்திருக்கிறது.

ஆக்சிஜன் எந்த நேரத்திலும் லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் கீழே போகக் கூடாது. பி.ஹெச் 7.5 முதல் 8.5-க்குள் இருக்க வேண்டும். காலைக்கும் மாலைக்கும் வித்தியாசம் 0.5-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். செக் ட்ரேயில் தீவனம் மிஞ்சினால், அடுத்த வேளைக்குக் கட்டாயம் குறைக்க வேண்டும். மிஞ்சிய தீவனம்தான் நாளைய அம்மோனியா.

வெப்பமும் முக்கியம். ஆய்வுக்கூடத்தில் 33 டிகிரி சூட்டில் வைத்த வனாமி இறால்களில், வெள்ளைப்புள்ளி வைரஸ் ஏற்றிய பிறகும் சாவு வெகுவாகக் குறைந்தது. குளிர்ந்த நீரில் அதே வைரஸ் கொன்று தீர்த்தது. வடகிழக்குப் பருவமழையை ஒட்டி, நீர் குளிரும் மாதங்களில் இந்த நோய் பயமுறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம். குட்டையைச் சூடாக்க முடியாது. ஆனால், குஞ்சு விடும் மாதத்தைத் தேர்ந்தெடுக்க முடியும். மழைக்காலம் வருவதற்குள் பிடித்துவிடும்படி கணக்குப் போடுவது விவசாயியின் கையில்தான் இருக்கிறது.

வாசலை அடைப்பது

வைரஸ் வராவிட்டால் எதிர்ப்புசக்தியைச் சோதிக்கும் தேவையே இல்லை. வைரஸை நண்டும், காட்டு இறாலும், நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களும் சுமந்து வருகின்றன. குட்டையைச் சுற்றி நண்டு வேலி, மேலே பறவைக் கயிறு, நீர் ஏற்றும் குழாய் வாயில் நெருக்கமான வலைப்பை ஆகியவை வேண்டும். நீரைத் தேக்கி, 60 பிபிஎம் அளவில் ப்ளீச்சிங் பவுடர் போட வேண்டும். ஒரு ஏக்கரில் ஒரு மீட்டர் ஆழ நீர் என்றால் சுமார் 4,000 கன மீட்டர். அதற்குச் சுமார் 240 கிலோ பிடிக்கும். ஏரேட்டரை ஓடவிட்டு, குளோரின் முழுதும் போனதைச் சோதித்த பிறகே குஞ்சு விட வேண்டும்.

குஞ்சை பிசிஆர் பரிசோதனை செய்யாமல் வாங்கக் கூடாது. வெள்ளைப்புள்ளியோடு, வளர்ச்சியைக் கெடுக்கும் 'ஈஹெச்பி' ஒட்டுண்ணிக்கும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வழக்கமாக 150 குஞ்சு எடுத்துப் பார்ப்பார்கள். தொட்டியில் 100-க்கு 2 குஞ்சுக்கு நோய் இருந்தாலும், 95 சதவீத உறுதியோடு பிடித்துவிடும் கணக்கு அது. அதற்கும் குறைவாக நோய் இருந்தால் தப்பிவிடலாம். ஆகவே, 'நெகட்டிவ்' தாள் கிடைத்ததும் மற்றதையெல்லாம் விட்டுவிடக் கூடாது. எங்கே பரிசோதிப்பது என்பதை, நாகப்பட்டினத்தில் இருக்கும் மீன்வளப் பல்கலைக்கழகத்திலோ, சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்திலோ கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

வேதாரண்யம் வாசகருக்கு முடிவாக: கையிருப்புப் பணத்தில் முதலில் பிசிஆர் பரிசோதனை, அடுத்து நண்டு வேலியும் ப்ளீச்சிங்கும், அதற்கடுத்து ஒரு கூடுதல் ஏரேட்டரும் டீசலும். குஞ்சின் எண்ணிக்கையையும் போன முறையைவிடக் குறைத்துக்கொள்வது நல்லது. இவ்வளவுக்கும் பிறகு பணம் மிஞ்சினால், பாட்டிலைப் பற்றி யோசிக்கலாம்.

கேள்வி: "வெள்ளைப்புள்ளிக்கு ஆன்டிபயாடிக் போட்டால் கேட்குமா?"
- ஒரு வாசகர், கடலூர் மாவட்டம்

பதில்: கேட்காது. ஆன்டிபயாடிக் பாக்டீரியாவுக்கு உரியது. வெள்ளைப்புள்ளி வைரஸால் வருவது. குளோராம்ஃபெனிகால், நைட்ரோஃபியூரான் போன்றவை இறால் வளர்ப்பில் தடை செய்யப்பட்டவை. ஏற்றுமதியில் சிறு எச்சம் தெரிந்தாலும் சரக்கு திரும்பிவிடும். ஒருவர் செய்யும் தவறுக்கு அந்த வட்டாரம் முழுக்க விலை கொடுக்க நேரும்.

கேள்வி: "வெள்ளைப்புள்ளி வந்த இறாலை வீட்டில் சமைத்துச் சாப்பிடலாமா? பிள்ளைகளுக்கு ஏதாவது ஆகுமா?"
- ஒரு வாசகி, ராமநாதபுரம் மாவட்டம்

பதில்: இந்த வைரஸ் மனிதரைத் தாக்காது. உயிரோடு பிடித்து, கெடாமல் ஐஸில் வைத்த இறாலை நன்றாக வேகவைத்துச் சாப்பிடலாம். செத்து மிதந்து நாறியதைத் தொடக் கூடாது. அதைவிட முக்கியம், அலசிய நீரையும் தலை, ஓடுகளையும் வாய்க்காலில் கொட்டாமல் இருப்பது. சுண்ணாம்போ ப்ளீச்சிங்கோ தூவி ஆழமாகப் புதைத்துவிட வேண்டும். நோய் வந்த குட்டையின் நீரை இரவோடு இரவாகத் திறந்துவிடுவது இன்னும் பெரிய கேடு. ப்ளீச்சிங் போட்டு, மூடி வைத்து, பக்கத்துக் குட்டைக்காரரிடம் அன்றைக்கே சொல்லிவிட வேண்டும். அவர் தன் மதகை அடைத்துக்கொள்வார். நாளைக்கு அவர் குட்டையில் நோய் வந்தால், அவரும் சொல்லிவிடுவார்.